இருபது நிமிடத்துக்கு ஒரு கையெழுத்து

பியானோவின் வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே நகத்துண்டு ஒன்று செருகிக்கொண்டு நின்றது. செக்கரம்மா கொண்டை ஊசியை எடுத்து நெம்பினாள். வந்தது ஒன்றல்ல, மூன்று. அதில் ஒன்று பெருவிரல் நகம், ஓரத்தில் அழுக்கோடு. "சீ" என்று சொல்லிக் காகிதத்தில் மடித்தாள். பியானோ வாசிப்பவர்கள் நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவளுடைய வீட்டுக்காரர் டீச்சர் சொல்லைத் தட்டாதவர். பியானோவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து வெட்டிக்கொண்டார். நான்கு மாதத்தில் அவர் ஒழுங்காகச் செய்துவந்த பயிற்சி அது ஒன்றுதான்.

செக்கரம்மா என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக அவள் சோதனை பார்க்கிறாள். பெட்டியின் மேலே அச்சடித்த பெயரும் உள்ளே இருக்கும் மாத்திரையும் ஒன்றுதானா என்று பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்தால் போடுவாள். பார்க்காவிட்டால் மேனேஜரே பக்கத்தில் வந்து நின்றாலும் பேனாவைத் தொடமாட்டாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், டீ ஆறிவிடப் போகிறதே என்று ஒரு நாள் பார்க்காமலே போட்டுவிட்டு எழுந்து போனார். மாத்திரையும் நல்ல மாத்திரை, பெட்டியும் நல்ல பெட்டி. ஆனால் அந்தப் பெட்டிக்கு அது மாத்திரை இல்லை. லாரி கிளம்புவதற்குள் யாரோ கண்டுபிடித்ததால் உயிர்ச்சேதம் இல்லாமல் போயிற்று. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடம் இந்தக் கதைதான்.

"மாத்திரை சரி, பெட்டி சரின்னு தனித்தனியா சொல்லாத. ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு சரியா, அதைச் சொல்லு" என்பாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. பதிவேட்டில் தப்பாக ஏதாவது விழுந்துவிட்டால் சுரண்டக் கூடாது, மேலே கிறுக்கக் கூடாது. அளவுகோல் வைத்து ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதித் தேதி. அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஒருத்திக்கு அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்காரர் வாய்த்தது யார் செய்த பேக்கிங் கோளாறோ தெரியவில்லை.

வீட்டுக்காரர் டயர் கம்பெனியில் விற்பனை பார்த்தவர். வாயாலேயே உழைத்து, வாயாலேயே பதவி உயர்ந்து, ஐம்பத்தாறு வயதில் ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து ஹாலில் உட்கார்ந்தார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு. அவர் ஆரம்பித்தவை எல்லாம் பரணில் வரிசையாக இருக்கின்றன. கேமரா இருக்கிறது. மீன் இல்லாத மீன் தொட்டி இருக்கிறது. முப்பது நாளில் அந்நிய மொழி கற்றுத் தரும் புத்தகம் இருக்கிறது. அதில் மூன்றாம் நாள் வரைக்கும் பென்சில் கோடு போட்டிருக்கும். அந்த வரிசையில் கடைசியாக வந்து இறங்கியது இந்த மின்சாரப் பியானோ. பரணில் ஏற்ற முடியாத கனம்.

முதல் வகுப்புக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார். தான் கற்றுக்கொள்வதை யாராவது பார்க்க வேண்டுமே. கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் நீளமான ஒரே அறை, சுவரோரம் பழைய மரப் பியானோ, இரண்டு நாற்காலி. டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. காதில் பென்சில் செருகியிருந்தது.

"எத்தனை வகுப்பு வரணும் டீச்சர்? நான் எத்தனைன்னாலும் ரெடி" என்றார் வீட்டுக்காரர்.

"வாரத்துக்கு ஒண்ணு போதும் சார். வகுப்புல ஒண்ணும் வந்துடாது. வீட்டுல தினம் இருபது நிமிஷம் உட்காரணும். அதுலதான் வரும்."

"தினம்னா கஷ்டம் டீச்சர். ஞாயித்துக்கிழமை சேர்த்து வச்சு ரெண்டரை மணி நேரம் அடிச்சுட்டா கணக்கு சரியாயிடுமே?"

"ஆகாது சார். நடுவுல ஆறு நாள்ல விரல் எல்லாத்தையும் மறந்துடும். புதுசா கத்துக்கறவங்களுக்கு நிறைய வேண்டாம், கொஞ்சமா, ஆனா தினம்."

செக்கரம்மாவுக்கு டீச்சரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. தினம் ஒன்று என்று எழுதிய மாத்திரையை யாராவது ஞாயிற்றுக்கிழமை ஏழாக விழுங்குவார்களா? இதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு எத்தனை வகுப்பு வேண்டும்?

டீச்சர் ஒரு நோட்டைக் கொடுத்தார். மேலே வீட்டுக்காரரின் பெயர். உள்ளே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம்: தேதி, நிமிடம், வீட்டில் ஒருவர் கையெழுத்து.

"சின்னப் பசங்களுக்குக் கேக்கற மாதிரி இருக்கே டீச்சர்" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

"பசங்க ஏமாத்தினா மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும் சார். பெரியவங்களுக்குத்தான் இது" என்றார் டீச்சர்.

முதல் வாரம் முழுவதும் வீட்டுக்காரர் பியானோவின் ஒரு பொத்தானை மட்டும்தான் தொட்டார். அந்தப் பொத்தானை அமுக்கினால் பெட்டி தானாகவே வாசிக்கும். அவர் முன்னால் உட்கார்ந்து, பிஸ்கட் தின்றுகொண்டு, தலையை ஆட்டுவார். பிறகு அதே பிசுக்கு விரலால் நான்கு கட்டைகளைத் தட்டிப் பார்த்து, "சவுண்டு நல்லா இருக்குல்ல?" என்பார். வகுப்புக்கு முந்தின நாள் நோட்டை நீட்டினார்.

"இந்தா, ஆறு கையெழுத்து."

"வாசிச்சீங்களா?"

"வகுப்புல வாசிச்சேனே."

"இது வீட்டுக் கட்டம். பார்க்காததுக்கு நான் போடமாட்டேன்."

"அடேயப்பா! மருந்தா இது, யாராவது செத்துடப் போறாங்களா?"

அவள் போடவில்லை. அந்த வாரம் வெற்று நோட்டோடு போய் டீச்சரிடம் அசடு வழிந்துவிட்டு வந்தார். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, சாப்பாட்டு மேஜையில் குனிந்து அவர் மும்முரமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தாள். செய்தித்தாளின் ஓரம் முழுக்க அவளுடைய கையெழுத்து. மேலே இருந்தவை கோணல்மாணலாக இருந்தன. கீழே வர வரச் சீராகிக்கொண்டே வந்து, கடைசி வரிசையில் இருந்ததைப் பார்த்தால் அவளே போட்டது என்று பாங்கிலும் நம்புவார்கள்.

"பாத்தியா, எப்படி வந்துடுச்சு!" என்றார், ஒளிக்கக்கூடத் தோன்றாமல். "உனக்குத் தொந்தரவு வேண்டாம்னுதான். அரை மணி நேரமா உட்கார்ந்து பழகினேன்."

பியானோவில் இருபது நிமிடம் உட்கார வணங்காத உடம்பு, பெண்டாட்டி கையெழுத்தைத் திருட அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கையெழுத்து ஒரு பொய்க்கும் அடியில் விழுந்ததில்லை. அவளிடம் நகை இல்லை, நிலம் இல்லை. சொந்தமென்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அதை இவர் பிஸ்கட் கையோடு எடுத்துப் புழங்கப் போகிறாராம்.

"நோட்டைக் குடுங்க. நானே போடறேன். நீங்க அதுல கை வைக்கக் கூடாது."

"அப்படி வா வழிக்கு" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் காலை அவர் வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார். நடை பத்து நிமிடம், பூங்கா பெஞ்சில் பேச்சு ஐம்பது நிமிடம். செக்கரம்மா நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினாள். கை ஓடவில்லை. 'இருபது நிமிடம் பயிற்சி செய்யப்பட்டது' என்றுதான் கட்டத்துக்கு மேலே அச்சடித்திருந்தது. யார் செய்தது என்று அங்கே இல்லை. அவள் பேனாவை வைத்துவிட்டு, முட்டை வேகவைக்க வாங்கிய டைமரில் இருபது திருகினாள். துணியால் கட்டைகளைத் துடைத்தாள். இரண்டு தடவை துடைத்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

டீச்சர் நோட்டில் எழுதியிருந்தார்: 'வலது கை மட்டும். பெருவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. ஒன்று முதல் ஐந்து, திரும்பி ஐந்து முதல் ஒன்று. மெதுவாக. இன்னும் மெதுவாக.' அவள் அப்படியே செய்தாள். நான்காவது விரலை அழுத்தினால் ஐந்தாவது விரல் கேட்காமலே கூட வந்து விழுந்தது. டைமர் மணி அடித்தபோது முதுகு வலித்தது. 'இருபது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பார்த்துப் போட்ட கையெழுத்து. மனசு சுத்தமாக இருந்தது.

இப்படித்தான் ஆரம்பித்தது. கையெழுத்தைக் காப்பாற்ற உட்கார்ந்தவள், மூன்று வாரத்தில் நான்காவது விரல் தனியாக எழுந்து நின்ற அன்று காரணமே இல்லாமல் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அது மறுபடியும் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது ஒரு விரல் நகராதா? தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்து கைப்பையின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவாள். டீச்சர் கொடுத்த தொடக்கப் புத்தகத்தில் அவள் பத்தாம் பக்கம், பதினைந்தாம் பக்கம் என்று போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் நான்காம் பக்கத்தில் குடித்தனம் வைத்திருந்தார்.

வரவில்லை என்றதும் அவர் கண்டுபிடித்த வைத்தியம் இன்னொரு வகுப்பு. வாரம் ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று, மூன்று நான்காயிற்று. வகுப்பு அதிகமானால் பயன் இல்லை என்று டீச்சர் எத்தனையோ சொல்லிப் பார்த்தாராம். "கத்துக்கறதுக்கு ஒரு வெறி வேணும் டீச்சர்" என்று பதில் சொன்னாராம் இவர். சொல்லிவிட்டு வந்து, வகுப்பில் தான் பட்ட பாட்டைச் சாப்பாட்டு மேஜையில் வாயில் சோற்றோடு விவரிப்பார். பியானோவின் கட்டைகள் வழுக்குகின்றனவாம். ஸ்டூல் உயரம் சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செக்கரம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

மாடியில் குடியிருந்த கொழுந்தன் ஒரு நாள் படியிறங்கி வந்தான்.

"அண்ணே, காலையில உன் வாசிப்பு மேல நல்லா கேக்குது. முன்னேறிட்டே போ!"

வீட்டுக்காரர் காலையில் பூங்கா பெஞ்சில் இருப்பவர். வேறு எவனாக இருந்தாலும் ஒரு நிமிடம் திகைத்திருப்பான். ஆனால் தன்னைப் பற்றி யார் எந்த நல்லதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவது இவருடைய பிறவிக் குணம்.

"ம்... ஏதோ, பரவாயில்லாம வருது" என்றார் அடக்கமாக.

செக்கரம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தாள். இல்லாவிட்டால் அதை எங்கே வைத்திருப்பாளோ.

நான்கு மாதம் முடிந்து ஒரு வாரம் ஆனதும் டீச்சர் சொல்லி அனுப்பினார். அடுத்த வகுப்புக்கு மேடமும் வர வேண்டும்.

"என்னைப் பாராட்டத்தான் இருக்கும். ஒரு நாள்கூட விடலையே நாம" என்றார் வீட்டுக்காரர். 'நாம'வாம்.

மாடி அறையில் டீச்சர் நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தார். முகம் வாடிக் கிடந்தது. காதில் பென்சில் இல்லை.

"மேடம், முதல் ரெண்டு வாரத்தை விட்டுட்டா நூத்திப் பதிமூணு நாள். ஒரு நாள் விடாம இருபது நிமிஷம். என்கிட்ட இப்படி ஒரு ஸ்டூடண்ட் வந்ததே இல்ல. ஆனா சாருக்கு இன்னும் முதல் பாடமே வரல. நாலாவது விரலையும் அஞ்சாவது விரலையும் சேர்த்துத்தான் அமுக்கறாரு."

"கட்டை வழுக்குது டீச்சர்" என்றார் வீட்டுக்காரர்.

"முதல்ல சார் வாசிக்கறதே இல்லையோன்னு நினைச்சேன். அப்புறம் உங்க கையெழுத்தைப் பார்த்தேன். சார் உங்க வேலையைப் பத்திச் சொல்லியிருக்காரு. நீங்க பார்க்காம போட மாட்டீங்கன்னு தெரியும். அப்போ தப்பு என்மேலதான். நான் சொல்லித் தர்ற முறைதான் தப்பு." டீச்சர் நோட்டை மூடினார். "தினம் இருபது நிமிஷம் போதும்னு எல்லாருக்கும் சொல்லிட்டிருந்தேன். சாரைப் பார்த்துட்டு, மத்த பெரியவங்ககிட்ட இனிமே ஒரு மணி நேரம் உட்காருங்கன்னு சொல்லிட்டேன். ஒரு அம்மா நல்லா வந்துட்டு இருந்தாங்க. ஒரு மணி நேரம் முடியாதுன்னு நின்னுட்டாங்க. எனக்கே வெறுத்துப் போச்சு மேடம். இந்த மாசத்தோட பெரியவங்களுக்குச் சொல்லித் தர்றதை விட்டுடலாம்னு இருக்கேன்."

வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"மனசை விடாதீங்க டீச்சர். என் பயிற்சியில குறை இல்ல. வேணும்னா இவளையே கேளுங்க. பொய்க் கையெழுத்துப் போடற ஆளில்ல இவ." சொல்லிவிட்டு, டீச்சர் பார்க்காத பக்கமாகத் திரும்பி, செக்கரம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நூற்றுப் பதிமூன்று நாளும் தனக்காக அவள் பொய்க் கையெழுத்துதான் போட்டுக்கொண்டிருந்தாள் என்று இந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. தன் வழிக்கு வந்துவிட்டாள் என்று மகிழ்ச்சிகூட. செக்கரம்மாவுக்கு அந்தக் கண்ணைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. முப்பது வருடமாக இந்தக் கண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோமே என்று தோன்றியது.

"கையெழுத்து பொய்யில்ல டீச்சர்" என்றாள்.

உண்மைதான். அந்த வாக்கியத்தோடு எழுந்து போய்விடலாம். வீட்டுக்காரர் மானம் தப்பும், அவள் கையெழுத்தும் தப்பும். டீச்சர் மட்டும் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு நிற்பார். நின்றுபோன அந்த அம்மா நின்றது நின்றதுதான். செக்கரம்மா நோட்டு அட்டையைப் பார்த்தாள். மேலே வீட்டுக்காரர் பெயர். உள்ளே அவள் வாசித்த நாட்கள். இருபது நிமிடமும் நல்ல இருபது நிமிடம், நோட்டும் நல்ல நோட்டு. டீ நினைப்பில் மாத்திரையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அந்த மனிதர் ஒரு நாள்தான் செய்தார். இவள் நூற்றுப் பதிமூன்று நாள், இரண்டு தடவை பார்த்து, மனசு சுத்தமாக இருக்கிறதென்று மெச்சிக்கொண்டு செய்திருக்கிறாள். வீட்டுக்காரர் மேல் இருந்த அத்தனை அருவருப்பும் திரும்பி அவள் மேலேயே வந்து விழுந்தது.

"மாத்திரை சரிதான் டீச்சர். பெட்டிதான் தப்பு."

"என்ன மேடம்?"

"வாசிச்சது நான். இவர் ஒரு நாள்கூட உட்காரல. பொய்யாப் போடக் கூடாதுன்னு நான் தினம் உட்கார்ந்தேன். ஆனா உங்களுக்கு அது பொய்தான். உங்க முறை தப்பில்ல. நின்னுபோன அந்த அம்மாவைக் கூப்பிட்டு இருபது நிமிஷம் போதும்னு சொல்லுங்க."

டீச்சர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"எது வரைக்கும் வந்திருக்கீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"முப்பத்தொண்ணாம் பக்கம்."

"வாசிங்க."

மரப் பியானோவில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கட்டைகள் வீட்டில் இருப்பதைவிடக் கனமாக இருந்தன. இரண்டு கையும் சேர்ந்து வாசிக்கும் சின்னப் பாட்டு அது, ஒரு பக்கம்தான். இரண்டு இடத்தில் தடுக்கினாள். ஒரு இடத்தில் நின்று, விரலைத் தேடி எடுத்துக்கொண்டு தொடர்ந்தாள். மெதுவாக, இன்னும் மெதுவாக, முடிவு வரைக்கும் போனாள்.

டீச்சர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். பாராட்டவில்லை. மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, செக்கரம்மாவின் மணிக்கட்டுக்கு அடியில் வைத்து லேசாகத் தூக்கினார்.

"மணிக்கட்டு தொங்குது மேடம். அதான் இடது கை பின்தங்குது. இப்படி. இப்போ மறுபடியும்."

செக்கரம்மாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடம் ஊரார் வேலையைப் பார்த்துப் பார்த்துச் சரி, தப்பு என்று சொன்னவள். அவள் செய்ததை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து இது தப்பு என்று சொன்னது இன்றைக்குத்தான். அவள் மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வாசித்தாள்.

முடித்ததும் பின்னாலிருந்து பலத்த கைதட்டல்.

"பாத்தீங்களா டீச்சர்!" வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். "இங்க நான் கத்துக்கிட்டதை எல்லாம் வீட்டுல இவளுக்கு எப்படி இறக்கியிருக்கேன்! வாரம் நாலு வகுப்பு வந்தது வீண் போகல பாருங்க!"

செக்கரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாந்தி வருகிற மாதிரி இருந்தால் நேராகப் பார்த்து மூச்சு விட வேண்டும் என்று பேருந்தில் வரும்போது கற்றுக்கொண்டிருந்தாள். அதைச் செய்தாள்.

டீச்சர் புது நோட்டு ஒன்றை எடுத்து, அட்டையில் அவள் பெயரை எழுதினார். வாரம் ஒரு வகுப்பு, சனிக்கிழமை. தினம் இருபது நிமிடம்.

"கையெழுத்து நான் போட்டுடறேன் டீச்சர், வீட்டுல வேற யாரு இருக்கா?" என்றார் வீட்டுக்காரர். தன் வகுப்புகளை அன்றே நிறுத்திக்கொண்டார். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் வாசித்தால் போதாதா? அன்று சாயங்காலமே கொழுந்தனைக் கூப்பிட்டு, அண்ணிக்குத் தான் பியானோ சொல்லிக் கொடுத்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். நடுநடுவே நட்சத்திரம் பார்க்கும் தொலைநோக்கி எங்கே மலிவாகக் கிடைக்கும் என்றும் விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலை விடுமுறை. செக்கரம்மா ஆற அமரக் குளித்துவிட்டு வந்து, கட்டைகளைத் துடைத்து, புது நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில் ஏழு கட்டமும் நிறைந்திருந்தது. ஏழும் வீட்டுக்காரர் கையெழுத்து, ஒவ்வொன்றின் வாலிலும் இரண்டு புள்ளி. இன்னும் விடியாத சனிக்கிழமைக்கும் சேர்த்து.

வீட்டுக்காரர் நடையிலிருந்து திரும்பி வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"பாத்துட்டியா? தினம் தினம் என்னைத் தேடிட்டு இருப்பியேன்னு மொத்தமா போட்டு வச்சுட்டேன். நிமிஷத்தைப் பாரு, இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கேன். டீச்சர் சந்தோஷப்படுவாங்க." நன்றி வருமென்று முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதுதான் சகிக்க முடியாததாக இருந்தது. செக்கரம்மா கத்தவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து அளவுகோலை எடுத்து வந்தாள். திங்கள்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை ஒவ்வொரு கையெழுத்தின் மேலும் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதித் தேதி போட்டாள். ஆறு கோடு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தை மட்டும் தொடவில்லை.

"எதுக்கு அடிக்கற? நல்லாத்தானே போட்டிருக்கேன்" என்றார் வீட்டுக்காரர், குரல் அடிபட்டுப்போய்.

"இன்னிக்குக் கட்டத்தை விட்டு வச்சிருக்கேன். இதோ நாற்காலி. இருபது நிமிஷம் உட்கார்ந்து பார்த்தீங்கன்னா, நீங்க போட்ட அந்த ஒண்ணு நிஜமாயிடும்."

"இவ்வளவுதானா? பூ!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் டைமரைத் திருகினாள். மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு இடது கையிலிருந்து ஆரம்பித்தாள். தன்னையறியாமல் காது பின்னால் இருந்தது. முப்பது வருடத்தில் அவரிடம் அவள் இருபது நிமிடம் கேட்டதில்லை. முதல் நாலு நிமிடம் அவர் காலால் தாளம் போட்டார். ஆறாவது நிமிடம் செய்தித்தாள் சரசரத்தது. ஒன்பதாவது நிமிடம் நாற்காலி கிறீச்சிட்டது, பிறகு காலடிச் சத்தம். பிஸ்கட் டப்பாவின் மூடி திறந்தது.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீ வாசி!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது, வாய் நிறைய பிஸ்கட்டோடு.

அவள் நிறுத்தவில்லை. மணி அடிக்கும் வரைக்கும் வாசித்தாள். பிறகு துணியால் கட்டைகளைத் துடைத்துவிட்டு, அளவுகோலை வைத்து ஏழாவது கோட்டையும் இழுத்தாள்.